குளத்துப் பூதத்தைப் பற்றிப் பெண்கள் சொன்னது

மக்கீன் முதலாளியின் கொட்டகையில் ஒரு படம் இன்னொரு வாரம் ஓடுமா, பெட்டிக்குள் போய்க் கொழும்புக்குத் திரும்புமா என்பதைத் தீர்மானித்தவர்கள் பெண்கள்தான். இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை முப்பத்தோராம் ஆண்டில் கிடைத்தது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். கண்டி திருகோணமலை வீதியில் எங்களுக்கு அது நாலைந்து வருடம் முன்பே கிடைத்துவிட்டது. எழுதுகிறவர்களுக்கு அது தெரியாது.

கொட்டகையின் நடுவே நீளத்துக்கு ஒரு வெள்ளைச் சீலை கட்டியிருக்கும். அதற்கு வலது பக்க மர வாங்குகளில் ஆண்கள், இடது பக்க வாங்குகளில் பெண்கள். பெண்களுக்குத் தனி வாசல். அந்த வாசலில் டிக்கெட் கிழிப்பதும், அழுகிற பிள்ளைகளை வெளியே கொண்டுபோகச் சொல்வதும், வாங்குக்குக் கீழே வெற்றிலை துப்புகிறவர்களை முறைப்பதும் என் வேலை. என் பெயர் சித்தி றலியா. புருஷன் மௌத்தாகி, இரண்டு பெண்பிள்ளைகளோடு மஹய்யாவையில் குடியிருந்தேன். கொட்டகையில் வேலை செய்கிறவள் என்று என்னைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் எங்கள் ஆட்களில் நிறையப் பேர். அவர்களுடைய வீட்டுப் பெண்கள்தான் சனிக்கிழமைகளில் முன்வாங்குக்குச் சண்டை பிடித்தார்கள்.

சனிக்கிழமை பகல் காட்சி முடிந்ததும் முதலாளி சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவார். இந்தப் பக்கம் நான். "றலியா, என்ன செல்றாங்க?" என்று கேட்பார். பெண்கள் வெளியே போகும்போது பேசியதை நான் ஒன்றும் விடாமல் ஒப்பிப்பேன். ஆண்களிடம் அவர் கேட்பதே இல்லை. வெளியே மழை பெய்தால் ஆண்கள் எந்தப் படத்தையும் நல்ல படம் என்பார்கள் என்பது அவருடைய கட்சி. பெண்கள் வந்தால் கூட்டிக்கொண்டு வருகிறவன் எப்படியும் வருவான் என்று கணக்குப் போட்ட மனிதர் அவர்.

முப்பத்தோராம் ஆண்டு 'குளத்துப் பூதம்' வந்தது. எந்த நாட்டுப் படம் என்று எனக்குத் தெரியாது. பேசாத படம். இடையிடையே திரையில் ஆங்கில எழுத்து வரும். பூதப் படமென்றால் அடிதடி இருக்கும் என்று முதலாளி பார்க்காமலே வரவழைத்துவிட்டார். வாசலில் வைக்கிற விளம்பரப் படத்துக்குப் பத்துப் பல்லும் ஒரு வாலும் வைத்து வரையச் சொல்லியிருந்தார். படத்தில் பூதத்துக்கு வாலே இல்லை. அதற்காக நான் வாங்கிய ஏச்சுக் கொஞ்சநஞ்சமில்லை.

கதை இதுதான். பலகை அறுக்கிற மரக்காலையில் வேலை செய்கிற ஒருவன், சந்தோஷமான ஆள். முதல் இரண்டு றீலும் அவனும் கூட்டாளிகளும் அடிக்கிற கூத்து. தொப்பி பறக்கிறது, வாத்து துரத்துகிறது, கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அவன் அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய சின்ன மகள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளத்தில் விழுந்து செத்துப்போகிறாள். மூன்றாவது றீலில் புருஷனும் பெண்சாதியும் மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறார்கள். அன்று மாலை குளத்திலிருந்து ஒன்று எழும்புகிறது. சேறும் பாசியுமாக, கன்றுக்குட்டி அளவில். அவர்கள் பேசாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் அது வளர்கிறது. நடுவில் ஒரு கள்ளன், ஒரு பொலிஸ்காரன், பொலிஸ்காரனுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும் ஒரு காதல். பிறகு பூதம் வீட்டுக்குள்ளேயே வந்து மூன்றாவது கதிரையில் உட்கார்ந்துகொள்கிறது. கடைசி றீலில் அந்த மனிதன் அதற்கு முன்னால் முழங்காலில் நின்று ஏதோ சொல்கிறான். சொல்லச் சொல்ல அது சிறுத்துப்போய், முடிவில் கதிரையில் பிள்ளையின் காலுக்குரிய ஒரு சின்னச் சப்பாத்து மட்டும் ஈரத்தோடு கிடக்கிறது. பெண்சாதி வந்து அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.

முதல் சனிக்கிழமை பெண்கள் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். நகைக்கடை வீட்டு பாயிஸா, சிரிக்க வைத்துவிட்டு அழ வைப்பதென்றால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தான் கைலேஞ்சி கொண்டு வரவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, இது சிரிப்புப் படமா, பயங்கரப் படமா, குடும்பப் படமா என்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டல்லவா படம் எடுக்க வேண்டும் என்று என்னிடம் கணக்குக் கேட்டாள், நான்தான் எடுத்த மாதிரி. மஹய்யாவையிலிருந்து வந்த நாலு பேருக்குப் பூதத்தின் மீதே கோபம். பூதம் என்றால் இரண்டு பேரையாவது விழுங்க வேண்டும், இது சும்மா வந்து குந்திக்கொண்டிருக்கிறது என்றார்கள். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே வந்த ஒரு பெண் எல்லோரும் போகும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு என் பக்கம் குனிந்து சொன்னாள்.

"அது எங்க லயத்து வீட்டுலயும் இருக்குதுங்க. மூணு வருசமா அடுப்பு பக்கத்துல குந்தியிருக்கு."

பஸ் போய்விடப் போகிறது என்று சொல்லி அனுப்பினேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தபோது அவர் தாடியைத் தடவிக்கொண்டார். இப்படி ஆளுக்கு ஒன்று சொல்கிற படம் ஓடும், சண்டை முடிகிறவரை வந்துகொண்டிருப்பார்கள் என்று சொல்லி, படத்தைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டார்.

இனித் திருச்செல்வம் மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரையில் வருகிற ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் கொட்டகையில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். ஆகவே திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதை சொல்வார். எங்கள் கொட்டகையில் அது அவர்தான். சாவகச்சேரி ஆள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர், குரல் அங்கே வீணாகிறது என்று முதலாளி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் குரலை என்னவென்று சொல்வது? கள்ளனுக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், குதிரைக்குக்கூட ஒன்று வைத்திருந்தார். பெண்களில் பாதிப் பேர் படம் பார்க்க வந்தார்களா, அவரைக் கேட்க வந்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

குளத்துப் பூதத்தின் கடைசி றீலில் அந்த மனிதன் முழங்காலில் நிற்கும்போது, மாஸ்டர் எந்த வேஷக் குரலும் இல்லாமல், தன் சொந்தக் குரலிலேயே சொல்வார்: "மகளே, நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பேன்." பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் எழும்பும். முதல் நாள் அதைக் கேட்டபோது வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்று சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லி என்ன பயன்?

அதற்கு இரண்டு வருடம் முன்னால் மாஸ்டரும் அவருடைய பெண்சாதி கமலாசனியும் எனக்குப் பக்கத்து வீடு. அவர்களுக்கு ஒரே பிள்ளை, பூமணி, ஐந்து வயது. ஒரு சனிக்கிழமை பகல் காட்சி நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டு வரிசையில் இருந்த பொன்னையாவின் பெண்சாதி மூச்சு வாங்க ஓடி வந்தாள். பெண் என்றபடியால் என்னுடைய வாசலுக்குத்தான் வந்தாள். பூமணிக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போகிறது, முதலாளியின் காரை எடுத்துக்கொண்டு மாஸ்டரை உடனே வரச் சொல்லு என்றாள். நான் சொல்கிறேன், நீ போய்க் கமலாவோடு இரு என்று அவளைத் திருப்பி அனுப்பினேன்.

எங்கள் கொட்டகையில் ஒரு சட்டம் இருந்தது. ஒரே மெஷின்தான். ஒரு றீல் முடிந்து அடுத்ததை மாட்டுகிறவரை விளக்குப் போடுவார்கள். மாஸ்டரிடம் பேச வேண்டியதை அப்போதுதான் பேச வேண்டும், றீல் ஓடும்போது யாரும் அவருக்குக் கிட்டப் போகக் கூடாது. அந்தச் சட்டத்துக்காகத்தான் நான் நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு நானே பல நாள் அப்படிச் சொல்லியும் பார்த்தேன். சட்டம் ஒரு சாட்டு. திரையில் ஒருவன் குதிரையில் ரயிலைத் துரத்திக்கொண்டிருந்தான். ரயிலுக்குள் அவனுடைய பெண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். அவன் பிடிப்பானா இல்லையா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராத வீடு எது என்று நினைத்துக்கொண்டு சீலையைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் இருக்கும், பதின்மூன்று இருக்கும். விளக்குப் போட்டதும் சொன்னேன். மாஸ்டர் சால்வையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

கார் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு வலிப்பு வந்து அடங்கிவிட்டது. தாயின் மடியில்தான் உயிர் போனது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை என்று டாக்டர் சொன்னார். அந்த மனிதர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அன்று சாயந்தரம், வீடு நிறைந்த சனத்துக்கு நடுவில், கமலாசனி தலையை நிமிர்த்தி மாஸ்டரைக் கேட்டாள், சொல்லி அனுப்பியது எத்தனை மணிக்குக் கிடைத்தது என்று. பொன்னையாவின் பெண்சாதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், அல்லாஹ்வுக்குத் தெரியும், திறந்தேன். அதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"ராத்தா உடனேதான் சொன்னவ. நான்தான் றீல் முடியட்டும் எண்டு நிண்டன்."

எங்கள் பக்கம் மூத்த சகோதரியை ராத்தா என்போம். அவர்கள் இரண்டு பேரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கமலாசனி பெட்டியைக் கட்டிக்கொண்டு கட்டுக்கலையில் இருந்த தமையன் முத்துலிங்கத்தின் வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் தபால் கந்தோரில் கிளார்க். அதற்குப் பிறகு புருஷனும் பெண்சாதியும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் மாஸ்டரை ஒரு முறை கேட்டேன். நீங்கள் பிள்ளைகளோடு அந்தத் தெருவில் இருக்க வேண்டியவர், எனக்கென்ன என்றார். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் "ராத்தா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டுத்தான் திரைக்குப் பக்கத்தில் போவார். அவர் என்னை ஏசியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

இரண்டாவது சனிக்கிழமை கமலாசனி கொட்டகைக்கு வந்தாள்.

மண்ணிறச் சேலை, காதில் ஒன்றுமில்லை. ஆள் பாதியாகியிருந்தாள். பூதப் படத்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறதே, பார்க்கலாம் என்று வந்தேன் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். கடைசி வாங்கில் சீலையோரமாக உட்கார்ந்தாள். வாத்து துரத்தியபோது எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. முடிவில் எல்லோரும் அழுதார்கள், அவள் அழவுமில்லை. பெண்கள் வாலைப் பற்றியும் பொலிஸ்காரனைப் பற்றியும் பேசிக்கொண்டு போன பிறகும் அவள் எழும்பவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ராத்தா, கடைசியில வாற எழுத்தை உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

எனக்கு ஓதத் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும், ஆங்கிலத்துக்கு எங்கே போவேன் என்றேன். கமலாசனி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அது எனக்கு மறந்துபோயிருந்தது. மாஸ்டருக்கு அவள் வந்திருப்பதே தெரியாது.

"'நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது, கேட்டும் நான் வரவில்லை' எண்டுதான் அதில கிடக்கு. இவர் கேக்கேல்லை எண்டு சொல்லுறார். ஏன் மாத்திச் சொல்லுறார்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மாஸ்டர் மாற்றிச் சொன்னது பொய்யில்லை, அவருடைய வாழ்க்கையில் அதுதான் உண்மை, அவளிடம் சொல்ல முடியாததைக் கொட்டகையில் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சனம் அழ வேண்டும் என்று சொல்கிறாரோ என்னவோ என்று மழுப்பினேன். அவள் தலையை ஆட்டினாள். படத்தில் இருக்கிறவனுக்கு ஒத்துக்கொள்ளத் தைரியம் இருக்கிறது, என்னிடம் ஒத்துக்கொண்டவர் இப்போது ஊருக்கு முன்னால் இல்லை என்கிறார் என்றாள். தமையனுக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்துவிட்டதாம். அடுத்த சனிக்கிழமை மூன்றரை மணி வண்டியில் போகிறார்களாம். இனிக் கண்டிக்கு வர வேலையில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலாளி கேட்டார், என்ன செல்றாங்க என்று. வால் இல்லாதது பெரிய குறை என்று சொன்னேன்.

அந்த வாரம் பிள்ளைகளுக்குக் காரணமில்லாமல் ஏசினேன். கட்டுக்கலை மஹய்யாவையிலிருந்து நடக்கக்கூடிய தூரம்தான். இரண்டு நாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன், இரண்டு நாளும் சந்தைச் சந்தியோடு திரும்பிவிட்டேன். போய் என்ன சொல்வது? குதிரைக்காரன் ரயிலைப் பிடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டு நின்றேன், அதற்குள் உன் பிள்ளை போய்விட்டது என்றா? அதைச் சொல்கிற வாய் எனக்கு வாய்க்கவில்லை. என்னைப் போல ஒரு கோழை கண்டியில் இருந்திருக்க மாட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை அவள் திரும்பவும் வந்தாள். பெட்டிகளோடு தமையன் முன்னால் ஸ்டேஷனுக்குப் போய்விட்டாராம். மூன்றரைக்கு முன்னால் போய்விடுவேன் என்றாள். பிறகு டிக்கெட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

"அவற்ற குரலை ஒருக்காக் கேட்டிட்டுப் போவம் எண்டு வந்தன்."

காட்சி முழுவதும் நான் படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். மாஸ்டர் வாத்துக்குக் குரல் கொடுத்தபோது அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. பூமணிக்குச் சோறு ஊட்டும்போது அவர் அந்த வாத்துக் குரலில்தான் பேசுவார், பக்கத்து வீட்டிலிருந்து நானே கேட்டிருக்கிறேன். கடைசி றீலுக்கு முன்னால் விளக்குப் போட்டார்கள். மணி மூன்றேகாலை நெருங்கியிருந்தது. நான் போய் அவளுக்குப் பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொன்னையாவின் பெண்சாதி வந்தது, நான் திருப்பி அனுப்பியது, குதிரை, ரயில், பன்னிரண்டு நிமிஷம், எல்லாவற்றையும். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாஸ்டர் விளக்குப் போட்ட பிறகுதான் கேள்விப்பட்டார், அன்று வீட்டில் சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் திரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நல்ல படமோ, ராத்தா?"

எனக்கு விளங்கவில்லை. எந்தப் படம் என்று கேட்டேன்.

"அண்டைக்கு நீங்கள் பாத்தது."

"நல்ல படம்தான், தங்கச்சி," என்றேன். அதில் மட்டும் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ரெண்டு வருசமா அவரை வெறுத்துத்தான் எழும்பினன், வெறுத்துத்தான் படுத்தன் என்றாள். வேறு என்னவெல்லாமோ சொன்னாள், எல்லாம் எனக்குக் கேட்கவில்லை. பிறகு கையை எடுத்தாள், எழும்பினாள். அதே நேரம் விளக்கு அணைந்து கடைசி றீல் ஓடத் தொடங்கியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் ஸ்டேஷனில நிக்கிறன். வரச் சொல்லுங்கோ. அவர் வந்தாரெண்டா பெட்டியை இறக்கச் சொல்லுவன்." பிடியை விடவில்லை. "இப்பவே சொல்லுங்கோ, ராத்தா. இப்பவே."

அவள் வாசலால் இறங்கியதும் நான் சீலையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் போனேன். காட்சி நடக்கும்போது ஒரு பெண் அந்தச் சீலையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. வாங்குகளுக்கு நடுவால் நடந்து, திரைக்கு முன்னால் குறுக்கே போனேன். என் நிழல் பூதத்தின் மீது விழுந்தது. ஆண்கள் கூச்சல் போட்டார்கள். மெஷின் அறையிலிருந்து றீல் மாட்டுகிற கறுப்பையா யார் அது, உக்காருங்க என்று கத்தினான். நான் மாஸ்டரின் தோளுக்குக் கிட்டப் போய் நின்றேன்.

"மாஸ்டர், கமலா ஸ்டேஷன்ல நிக்கிறா. நான் எல்லாம் செல்லிட்டன். மூண்டரை வண்டி. நீங்க வந்தா அவ போகமாட்டா. முதலாளிட கார் வாசல்ல இரிக்கி, போங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திரையின் வெளிச்சம் பாதி முகத்தில் விழுந்தது. நான் சொன்னது கேட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மூண்டரை என்று அவருடைய உதடு ஒரு முறை சொன்னது. இனிச் சால்வையை எறிந்துவிட்டு ஓடுவார் என்று வழியை விட்டு விலகி நின்றேன்.

"றீல் முடியட்டும், ராத்தா," என்றார்.

பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பொலிஸ்காரனுக்குக் கரகரத்த குரல் கொடுத்தார். வேலைக்காரப் பெண்ணுக்குக் கொஞ்சுகிற குரல் கொடுத்தார். சனம் சிரித்தது. நான் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன், அவர் நகரவில்லை. அந்த மனிதன் பூதத்துக்கு முன்னால் முழங்காலில் இறங்கினான். திரையில் எழுத்து வந்தது. மாஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"மகளே, நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் வரவில்லை."

பெண்கள் பக்கம் வழக்கம்போல அழுதார்கள். வசனம் மாறியதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கதிரையில் சப்பாத்து கிடந்தது. விளக்குப் போட்டார்கள். சனம் எழும்பிப் போகும்வரை நான் திரைக்குக் கீழேயே நின்றேன். மாஸ்டர் றீல் பெட்டியின் மீது உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கொன்றிருப்பேன். ஏன் போகவில்லை, உங்களுக்குப் பைத்தியமா என்று கேட்டேன்.

"நான் போனா அவ என்னை மன்னிச்சிடுவா," என்றார். "பிறகு ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து பூமணியைப் பற்றிக் கதைக்க வேணும். என்னால ஏலாது, ராத்தா. அவ கோவமா இருந்தவரைக்கும் எனக்கு அது தேவைப்படேல்லை."

அதற்கு நான் ஏதோ சொல்லத் தொடங்கும்போது ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வண்டி கூவியது. கண்டியில் அந்தச் சத்தம் மலைகளில் பட்டுத் திரும்பி இரண்டு தரம் கேட்கும். மாஸ்டர் தலையை நிமிர்த்தி இரண்டாவது தரமும் கேட்கும்வரை காத்திருந்தார்.

"போயிட்டுது," என்றார்.

அப்போதுதான் அழுதார். அவ்வளவு விதமான குரல் வைத்திருந்த மனிதர், அழும்போது சத்தமே வரவில்லை.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன், பயனில்லை என்று தெரிந்தும். பிளாட்பாரத்தில் ஒரு போர்ட்டர் கூட்டிக்கொண்டிருந்தான். மண்ணிறச் சேலை கட்டிய அம்மா ஒருவர் கடைசிவரை வண்டியில் ஏறாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார், வண்டி அசையத் தொடங்கிய பிறகு கூட வந்தவர் கையைப் பிடித்து ஏற்றினார் என்று அரைகுறைத் தமிழில் சொன்னான்.

அவள் நினைத்திருப்பாள், இந்த முறையும் நான்தான் சொல்லாமல் நின்றேன் என்று. பிறகு ஒரு வருடம் கழித்துக் கடிதம் எழுதுவித்து அனுப்பினேன், மன்னிப்புக் கேட்டு. பதில் வரவில்லை. அதில் நான் உடனே சொன்னேன், மாஸ்டருக்குக் கேட்டது என்றும் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அவள் என்னையே வெறுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மாஸ்டர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன்.

நான் கொட்டகைக்குத் திரும்பியபோது முதலாளி கதிரையில் காத்துக்கொண்டிருந்தார். காட்சி நடுவில் சீலையைத் தாண்டியதற்கு ஏசுவார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. என் முகத்தைக் கண்டிருப்பார். சீலையைச் சரியாக இழுத்து விட்டுவிட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"றலியா, பொம்புளயள் என்ன செல்றாங்க?"

"எல்லாருக்கும் நல்லம். இன்னொரு கெழம ஓட்டச் செல்றாங்க," என்றேன். "ஒருத்தி மட்டும் முடிவு பாக்காமப் போய்ட்டா."

"ஏன், புடிக்கல்லயா?"

"புடிச்சிரிந்திச்சி. கடைசி றீலுக்குள்ள ஆள் வரும் எண்டு நம்பி வெளிய நிண்டா."

முதலாளி படத்தை இன்னும் ஒரு வாரம் ஓட்டினார். மாஸ்டர் ஒரு காட்சியும் தவறவில்லை. முடிவில் எழுத்தில் இருந்தபடியே சொன்னார், ஒரு சொல்லும் மாற்றவில்லை. இனி அவர் அதை மாற்ற வேண்டியிருக்கவில்லை.